பட்டாசல் சுவருக்கு இன்னும் வியர்வை நிற்கவில்லை

திருவனந்தபுரம், சாலை,
ஜய வருஷம் ஆனி மாதம் 3-ந் தேதி.

தென்காசி குற்றாலலிங்கம் மாமா அவர்கள் திருமுன், தங்கை மகள் நீலாம்பாள் வணங்கி எழுதுவது. இங்கே சுவரைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் அத்தை சுகத்தையும், சாரல் விழத் தொடங்கிவிட்டதா என்பதையும் தெரிவிக்க வேண்டியது.

முதலில், இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். தன்னைப் பெண் பார்க்க வருவதைப் பற்றி ஒரு பெண் தானே பேனாவை எடுப்பது நம் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை என்று அம்மா சொல்கிறாள். நடந்திருக்க வழியுமில்லை, கடிதம் எழுதத் தெரிந்த பெண் நம் குடும்பத்தில் இதற்கு முன் கிடையாது. அப்பா கடிதம் எழுதினால் 'சரக்கு வந்து சேர்ந்தது, ஆணி மூட்டை ஒன்றில் துரு' என்பதோடு முடிந்துவிடும். இதுவோ விளக்கமாக எழுத வேண்டிய விஷயம், பி.ஏ. படித்தவள் நீதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இரும்புக்கடைக்குப் போய்விட்டார். எழுதியதைப் படிக்க மாட்டார். எத்தனை பக்கம் என்று மட்டும் புரட்டிப் பார்ப்பார். பக்கம் நிறைய இருந்தால் படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று அவருக்குத் திருப்தி. ஆகவே நீளத்துக்கும் சேர்த்தே மன்னிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஆனி 9-ந் தேதி நாகர்கோவில் தாணுலிங்கம் பிள்ளை குடும்பத்தாரை நீங்கள் இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு வர வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். வந்தவர்களை உட்கார வைக்கும் பட்டாசலின் சுவர் இன்னும் உலரவில்லை. உலராத சுவரை மாப்பிள்ளையின் தகப்பனார் தாணுலிங்கம் பிள்ளையிடம் காட்டினால் சம்பந்தம் போய்விடும் என்று அப்பாவுக்கு நிச்சயம்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்ல அப்பா சொல்லவில்லை. டிரெயினிங் காலேஜில் ஆசிரியை வேலைக்குப் படிக்கும் பி.டி. வகுப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இம்மாதம் 17-ந் தேதி போய்ச் சேர வேண்டும். அந்தக் கடிதத்தை அப்பா கடையில் பில்களைக் குத்தி வைக்கும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். கேட்டால், "அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும் மக்ளே, பொறவு பேசுவோம்" என்கிறார். பெண் இதுவரை படித்தது போதும் என்பது தாணுலிங்கம் பிள்ளையின் அபிப்பிராயம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் பிறகு பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அது கிடக்கட்டும், சுவருக்கு வருகிறேன்.

இத்தனைக்கும் ஆரம்பம் சித்திரையில் நீங்கள் எழுதிய கடிதம்தான் என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிவதீட்சை வாங்கியவர், வெளியூரில் தண்ணீர்கூடச் சொந்தச் செம்பில்தான் குடிப்பார், ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மனுஷரைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை உரக்க வாசித்து முடித்ததும் அப்பா எழுந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, பட்டாசலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். பிறகு கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "சக்கைப்பழத்தைத் தடவுன மாதிரியில்லா இருக்கு, முள்ளு முள்ளா" என்றார். அம்மா அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "இருவத்திரண்டு வருசமா அது அப்படித்தான் இருக்கு. நான் சொன்னப்ப காதுல ஏறல. ஊரு பேரு தெரியாத ஒரு ஆளு தடவப் போறாருன்னதும் ஒங்களுக்குக் கை ஊருதாக்கும்."

சிமென்ட் பூசலாமென்றால் பெர்மிட் வேண்டும். பெர்மிட் வருவதற்குள் இவளுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று அம்மா சொல்லிவிட்டதால் சுண்ணாம்புப் பூச்சு என்று முடிவாயிற்று. கரமனையிலிருந்து கொத்தனார் கேசவன் மேசிரி வந்தார். யாரோ ஒரு வக்கீல் வீட்டில் இவர் மெருகு போட்ட சுவரைப் பார்த்து அந்த வீட்டுப் பூனை தன் நிழலோடு சண்டைக்குப் போய் மூக்கை உடைத்துக்கொண்டதாம். அதைச் சொல்லித்தான் எல்லா வீட்டிலும் வேலை பிடிக்கிறார். எங்கள் சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "இது சொவரில்லா முதலாளி, பப்படமாக்கும்" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எது பப்படம், எங்கப்பா நின்னு கெட்டுன சொவரு" என்று ஓங்கி ஒரு அறை வைத்தார். வண்டிச்சக்கரம் அகலத்துக்குப் பழைய பூச்சு உரிந்து அவர் காலடியில் விழுந்தது. மேசிரி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து வேலை ஆரம்பம்.

அப்பா கரணையும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் விற்று வருகிறாரே தவிர, அவற்றை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது அவருக்குத் தெரியாது என்ற உண்மை முதல் நாளே வெளியாயிற்று. இருந்தாலும் கடைச்சரக்கின் மேல் உள்ள உரிமையால் அவர் மேசிரிக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சு வேலையைத் தலைக்கு மேலே மச்சில் தொடங்கிக் கீழே இறங்கி வர வேண்டும் என்பது முறை. மேசிரி சாரத்தில் நின்று மச்சுக்கு அடியில் பூசிக்கொண்டிருக்க, அப்பா கீழே நின்று அண்ணாந்து, "அந்த மூலையில ஒரு பள்ளம், அதுக்கு இந்தால ஒரு மேடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேசிரி இரண்டு தரம், "முதலாளி, கொஞ்சம் மாறி நில்லுங்கோ" என்றார். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கரணைச் சுண்ணாம்பு மச்சில் ஒட்டப் பிடிக்காமல் இறங்கிவந்தது. அப்பா வாயை மூடினார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா நிதானமாக வந்து பார்த்து, "வெத்தலையும் பாக்கும் எடுத்துட்டு வரட்டா" என்று கேட்டாள். அன்று பகல் முழுவதும் அப்பா பேசவில்லை. மச்சு வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது.

அடிப்பூச்சு பூசிப் பத்து நாள் நனைத்து முடித்த பிறகு மேல்பூச்சுக்கு வந்தோம். சாயையின் மேல் படியும் பாலாடை மாதிரி இருக்க வேண்டுமாம் அது. கக்காச் சிப்பிச் சுண்ணாம்பை நீர்த்து, வடிகட்டி, வெண்ணெயாக அரைக்க வேண்டும். மேசிரி எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து அம்மாவின் ஆட்டுரலைக் கண்டுபிடித்தார். அம்மா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா வந்து கெஞ்சினார். "ஒங்க மகளுக்குக் கல்யாணம் ஆகணும், ஆனா வாறவங்களுக்கு இட்லி வேண்டாம், அப்படித்தானே" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் இட்லி இல்லை, தோசை இல்லை. ஒரு மாதமாக உப்புமா. சுவர் மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறது.

அரைத்து முடித்த அன்று மேசிரி கையைக் கழுவிக்கொண்டு, "இனி நூறு முட்டை வேணும் முதலாளி. வெள்ளை மாத்திரம் மதி" என்றார்.

மாமா, இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மிணியக்கா கோழி வளர்க்கிறாள் என்பதற்காகவே எங்கள் அடுக்களை ஜன்னலில் ஒரு பாதி எப்போதும் மூடியிருக்கும். அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குவே அது?"

"மினுக்கத்துக்கு. அதில்லாதெ மினுங்காது, கேட்டோ. வக்கீல் சாரின்ற வீட்டில நூத்தியிருவது போச்சு."

"இது சைவ வீடு. சாமி படம் மாட்டுத சொவரு."

"சொவரா திங்கப் போவுது, முதலாளியா?"

வேலிக்கு அந்தப்புறம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மிணியக்கா, "எண்ணம் எத்ற வேணம், ஞான் தராம்" என்று, எத்தனை கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறவள் மாதிரி உற்சாகமாகக் கூப்பிட்டாள். அம்மா ஜன்னலின் மற்றப் பாதியையும் மூடினாள். அப்பா நேராக என்னிடம் வந்தார். "மக்ளே, அதுக்குப் பதிலா சைவத்துல என்ன சேக்கலாம்? பி.ஏ.யில சொல்லித் தந்திருப்பாங்களே." நான் படித்தது சரித்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஏதாவது வழவழப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. "உளுந்து" என்றேன். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் எப்படியும் சேர்ப்பதுதான், அதோடு உளுந்தும் தயிரும் என்றார். நம் வீட்டுப் பெண்ணுக்காகச் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது என்று, மேசிரி சாயை குடிக்கப் போயிருந்த நேரத்தில், கருப்பட்டியை மட்டும் தன் கையால் இரண்டு பங்காகப் போட்டார்.

முதலில் கிழக்குச் சுவரில் பூசினார்கள். மறுநாள் காலையில் அது கறுப்பாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்பு நகர்ந்தது. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் உள்ள எறும்பு அத்தனையும் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவருக்கு வந்திருந்தது. அரிசி மண்டி எறும்பு ஒரு வரிசை, வெல்ல மண்டி எறும்பு ஒரு வரிசை. ஒன்றையொன்று இடிக்காமல் ஏறி இறங்கின. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகாரம் தனியா செய்ய வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டு சொவரு வெட்டிக் குடுத்துரலாம்" என்றாள். மேசிரி அந்தப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலாளி வீட்டில் இருக்கும்போது தான் இனிமேல் கரணையைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா நான்கு நாள் கடையிலேயே சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் வந்தவர் பட்டாசலை இரண்டு தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மேசிரி நான்கு சுவரையும் சங்கு மாதிரி ஆக்கியிருந்தார். அம்மா அதில் முகம் பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டாள். அப்பா கேட்டதற்கு, உளுந்தும் தயிரும் சரியான பதத்தில் சேர்ந்துவிட்டது என்று மேசிரி மச்சைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். சாலையில் இப்போது இதற்குச் 'சைவச் சுவர்' என்று பெயர். அப்பா வைத்த பெயர்தான். பாத்திரக்கடை அண்ணாச்சி, ஜவுளிக்கடை அண்ணாச்சி, கோயில் ஓதுவார் எல்லோரும் வந்து பார்த்தார்கள். யாரையும் தொட விடவில்லை. ஓதுவார் மட்டும் தொடாமலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஏன் தொடக் கூடாது என்றால், மெருகு போட்ட சுவர் வியர்க்கும் என்று மேசிரி சொன்னார். உள்ளே இருக்கிற ஈரம் முத்து முத்தாக வெளியே வரும். அதை அவ்வப்போது மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வியர்வை அடங்குவதற்குள் யாராவது கையை வைத்தால் ஐந்து விரலும் பதிந்து ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். தாணுலிங்கம் பிள்ளையோ வந்ததும் கையை வைக்கிறவர். அதனால்தான் அப்பா பயப்படுகிறார். துணியால் ஒற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். படித்த பெண், பொறுமையாகச் செய்வாள் என்று காரணம் சொன்னார். தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, சாமி படத்துக்கு வலப்பக்கம் சுவரில் வைத்து அழுத்திப் பார்ப்பார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் இருக்கிறது, கீழே விழுந்தால் உலர்ந்துவிட்டது என்பது அவர் கணக்கு. இன்று காலையும் ஒட்டிக்கொண்டு நின்றது. "இன்னும் வேர்க்குதே மக்ளே. இந்த மழையில எங்க உணங்கும்" என்று வருத்தத்தோடு கடைக்குப் போனார். இடவப்பாதி மழையும் நிற்காமல் பெய்துகொண்டிருக்கிறது. ஆகவே 9-ந் தேதிப் பிரயாணத்தை நிறுத்தி வைத்து, தாணுலிங்கம் பிள்ளையவர்கள் மனம் கோணாதபடி நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொள்கிறார்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மா உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள்: தென்காசியில் நல்ல ஆட்டுரல் கிடைக்குமா. எல்லோருக்கும் குற்றாலநாதர் துணையிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள,
கோ. நீலாம்பாள், பி.ஏ.

(பி.ஏ. போடச் சொன்னது அப்பா.)

பின்குறிப்பு: அப்பா வந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி கடைக்குப் போய்விட்டார். உறையை ஒட்டுவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுவர் உலர்ந்து ஆறு நாள் ஆகிறது. வைகாசி கடைசியிலேயே வியர்வை நின்றுவிட்டது. தினமும் அப்பா குளிக்கப் போன பிறகு நான் ஈரத்துணியோடு வருகிறேன். நான்கு சுவரையும் நனைக்க வேண்டியதில்லை. ஆண்கள் எதையும் தினமும் ஒரே இடத்தில்தான் பரிசோதிக்கிறார்கள். சாமி படத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் இடம் போதும். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

அடுத்தது, சைவச் சுவர். எறும்பு வந்த அன்று மேசிரி கொல்லையில் என்னைத் தனியாகக் கண்டு, "மோளே, அச்சன் அறியண்டா. எண்பத்தினாலு மதி. மோளு ஒண்ணு தலையாட்டியா மதி" என்றார். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நான் தலையை அசைத்தால் போதுமாம். வெட்கப்படுகிறவர்களுக்கு வாயைத் திறப்பதுதான் கஷ்டம், தலையாட்டுவது சுலபம். ஆட்டிவிட்டேன். எண்பத்துநான்கும் வேலிக்கு மேலாக வந்தன. வெள்ளை சுவருக்கு, மஞ்சள் அம்மிணியக்கா வீட்டுக்கு. அவள் பிள்ளைகள் நான்கு நாளும் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார்கள். "அம்மிணி புள்ளைகளுக்கு இப்பத்தான் கன்னம் வச்சிருக்கு" என்று அம்மாகூடச் சந்தோஷப்பட்டாள். ஓதுவார் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

சிவதீட்சை பெற்ற ஒருவர் வந்து அந்தச் சுவரை ஆசையோடு தடவுவதை நினைத்தால் எனக்கே மனம் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வரத்தான் வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த விஷயம் தெரிந்தவர்கள் மேசிரி, அம்மிணியக்கா, நான். இப்போது நீங்கள்.

மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காத்திருக்கக் கூடியவர் மாதிரித்தான் முகம் இருக்கிறது. நான்தான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு 17-ந் தேதி வரை ஓட்ட முடியுமா என்று பயப்படுகிறேன். மேசிரி ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து சுவரைத் தொட்டாரானால் முடிந்தது.

ஆகவே கேட்கிறேன், மாமா. அப்பாவுக்கு உங்கள் எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். 'தக்க இடத்தில் விசாரித்ததில்' என்று தொடங்குங்கள். அப்படித் தொடங்கும் எதையும் அவர் நம்பிவிடுவார். என்னைக் காலேஜில் சேர்த்ததும் நீங்கள் அப்படித் தொடங்கிய கடிதம்தான். சுண்ணாம்புச் சுவர் உள்ளும் புறமும் சரியாக உலரப் பத்து மாதம் ஆகும் என்றும், அதுவரை வீட்டில் பகலில் ஆள் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும், பெண்ணைக் காலையில் எங்காவது அனுப்பிச் சாயங்காலம் வரச் சொல்வது உத்தமம் என்றும் எழுத வேண்டும். பி.டி. வகுப்பு பத்து மாதம். கடிதம் 17-ந் தேதிக்கு முன்னால் இங்கே கிடைக்கும்படி போடுங்கள்.